விறகடுப்பும் கொசுவர்த்தியும்: மகனின் வீசிங்குக்கும் அம்மாவின் இருமலுக்கும் இவைதான் காரணமா?

வடகரையான்:
எங்கள் வீட்டில் சமையல் எரிவாயுவில்தான் நடக்கிறது. ஆனால் வெந்நீர் போடுவதும் மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவதும் பின்கட்டு விறகடுப்பில்தான். இரவில் கதவைச் சாத்திக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறோம். நான்கு வயது மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. ஒருநாளும் புகைபிடிக்காத என் அம்மாவுக்கு ஆண்டு முழுவதும் சளியோடு இருமல். "இந்தப் புகையில்தானே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்" என்கிறார் அப்பா. எதை முதலில் நிறுத்துவது?

முத்துச்செல்வி:
கொசுவர்த்தியை முதலில் நிறுத்துங்கள். ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதுவும் மூடிய அறையில், விடியும்வரை. குழந்தைகள் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுடைய மூச்சுக்குழாய்கள் குறுகலானவை என்பதால், பெரியவருக்கு வெறும் கமறலாக முடியும் வீக்கம் அவர்களுக்கு இரைப்பாகவே மாறிவிடுகிறது. கொசுவலையே போதும். சாம்பிராணியையும் பிள்ளை இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

இளவழகன்:
அம்மாவின் இருமலை வயதின் மேல் போட்டுவிட வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பீடி, சிகரெட் பிடிப்பவர்களின் நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். பல ஆண்டுகள் அடுப்பூதிய பெண்களுக்கும் அது வருகிறது. காசநோய் இல்லை என்று சளிப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையையும் செய்துவிடுங்கள். குறுகிப்போன குழாய்கள் பழைய நிலைக்கு முழுவதும் திரும்பாது என்றாலும், புகையை விட்டு விலகி, மருந்தை ஒழுங்காக எடுத்தால் மேலும் மோசமாவதைத் தள்ளிப்போடலாம்.

தென்றல்வாசி:
மேலே உள்ளவர்கள் சொன்னது சரி. ஆனால் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளின் வீடுகளைக் கொண்டு நடந்த ஹேப்பின் ஆய்வில், பாதி வீடுகளுக்கு எரிவாயு அடுப்பும் உருளையும் இலவசமாகத் தரப்பட்டன. அந்த வீடுகளில் நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிமோனியா குறையவில்லை என்று 2024-இல் முடிவு வெளியானது. புகை தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. நிமோனியாவுக்குக் கிருமி, ஊட்டச்சத்து, தடுப்பூசி எனப் பல காரணிகள் உண்டு. உங்கள் மகனுக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதியிருந்தால், புகை நின்றுவிட்டது என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வடகரையான்:
நன்றி. இன்றே வலை வாங்குகிறேன். விறகடுப்பைக் கொல்லைக்கு மாற்றினால் போதுமா?

முத்துச்செல்வி:
படுக்கையறைச் சன்னலுக்கு நேராக வைக்காதவரை நல்லதுதான். காற்று வீசும் திசையைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். ஆனால் அடுப்புக்கு முன்னால் உட்காரப்போவது அம்மா என்றால், வெந்நீரையாவது எரிவாயுவுக்கு மாற்றிவிடுங்கள்.