30-ஐத் தாண்டினால் சுகர் இறங்குமா?

நெல்லைக்காரன்: “ரத்தத்தில் வைட்டமின் டி அளவு 30-ஐ (ng/mL) தாண்டினால் போதும், சுகரும் இறங்கும், கல்லீரல் கொழுப்பும் கரையும்” என்று மருந்துக்கடை அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல். எனக்கு வயது 26, டைப் 2 சுகர். வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், பாலில் கலக்கி எட்டு வாரம் குடித்தேன். டி 14-லிருந்து 38 ஆனது. சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.2 சதவீதம் இருந்தது, இப்போது 8.1. ஃபேட்டி லிவர் ஸ்கேனில் அப்படியே குந்தியிருக்கிறது.

மருந்துக்கடை: தம்பி, 14 குறைவா இல்லையா? 30-க்குக் கீழே எல்லாமே குறைவுதான். லேப் ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

லேப்_அக்கா: அச்சடிப்பதே நாங்கள்தான். 2011-ல் அமெரிக்க எண்டோகிரைன் சங்கம், அதாவது ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம், 30 என்றது. அங்கேயே இன்னொரு குழு 20 போதும் என்றது. 2024-ல் அந்தச் சங்கமே 30-ஐக் கைவிட்டுவிட்டது.

மருந்துக்கடை: கைவிட்டால் என்ன? 30 என்றால் 30தான். இருபது வருடமாகக் கடையில் நிற்கிறேன். டி கல்லீரலில்தானே உருமாறுகிறது? கல்லீரல் கெட்டால் டி குறையும், டி குறைந்தால் சுகர் ஏறும். இதுகூடவா புரியவில்லை?

நெல்லைக்காரன்: குறைந்தால் ஏறுகிறது என்றே வையுங்கள், கூட்டினால் இறங்கிவிடுமா? 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. சுகர் எல்லையில் இருந்த 2,423 பேர், அதில் பாதிப் பேருக்குத் தினம் 4,000 யூனிட். சுகர் வருவது பெரிதாக ஒன்றும் தடைபடவில்லை.

மருந்துக்கடை: அவர்களுக்கு 30 தாண்டியதா? அதைச் சொல்.

லேப்_அக்கா: இரண்டு வருடத்தில் சராசரி 54.

மருந்துக்கடை: அது வெள்ளைக்காரன் உடம்பு.

லேப்_அக்கா: அப்போ 30 மட்டும் மதுரையில் கண்டுபிடித்ததா?

மாடிவெயில்: பதினோரு மணி வெயிலில் நின்றால் காசில்லாமல் கிடைப்பதை பாக்கெட் போட்டு விற்கிறவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! கம்பங்கூழ் சண்டையிலும் இவர் இப்படித்தான்.

மருந்துக்கடை: கம்பங்கூழில் ஜெயித்தது நான். பழையதைக் கிளறாதே.

லேப்_அக்கா: தம்பி, எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்துப் பார். கல்லீரல் கொழுப்புக்கு அதுதான்...

மருந்துக்கடை: பேச்சை மாற்றாதீர்கள். 14 குறைவா இல்லையா?

நெல்லைக்காரன்: குறைவு என்று யார் மறுத்தார்கள் அண்ணே? சுகர் இறங்கவில்லை என்றுதானே கேட்கிறேன்.

மருந்துக்கடை: பார்த்தீர்களா, ஒத்துக்கொண்டான்! 30. இன்று கடைக்கு லீவு, ராத்திரி வரை இங்கேதான் இருப்பேன்.