மலையகத் தமிழர் இடப்பெயர்வு: புதிய நூல்கள் சொல்லி உதவுங்கள்

வணக்கம். எங்கள் கல்லூரி நூலகத்துக்கு இந்த மாதம் புத்தகம் வாங்குகிறோம். வட்டார அரசியல், இடப்பெயர்வு பற்றிய ஆய்வு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது.

இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் குடியேறியிருந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அவர்களைக் கேட்காமலேயே போட்ட ஒப்பந்தம் அது. அவர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் பற்றியும் ஓரளவு நூல்கள் கிடைக்கின்றன. ஆனால் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர், கோத்தகிரி சேர்ந்தவர்களின் பின்னாளைய வாழ்க்கை? சாதிச் சான்றிதழ், வாக்குரிமை, உள்ளூர் அரசியலில் அவர்கள் இடம், இதெல்லாம்தான் வேண்டும். எங்கள் மாணவர் சிலர் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்.

சமீபத்தில் வந்த நூல்கள் தெரிந்தால் பதிப்பகத்தின் பெயரோடு சொல்லுங்கள். சிறு பதிப்பகம் என்றாலும் சரி, இலங்கையில் வந்தது என்றாலும் சரி.