குழாய்த் தண்ணீரும் அந்த 80உம்

வாவிக்கரையான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் பார்த்து ஆத்திரம்தான் வந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் மணந்தால் புற்றுநோயாம். குளோரினால் தண்ணீரில் உண்டாகிற பொருளை அமெரிக்காவில் 80க்கு மேல் விடமாட்டார்களாம், உலக சுகாதார நிறுவனம் 300 வரை குடிக்கச் சொல்கிறதாம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகுட்டிக்காரரை ஏன் வெருட்டுகிறீர்கள்?

கல்லடி மச்சான்: எழுதினது நான்தான். 80 சின்னதா, 300 சின்னதா? அதைச் சொல்லுங்கள்.

வாவிக்கரையான்: லீற்றருக்கு 80 மைக்ரோகிராம் என்பது ட்ரைஹலோமீதேன் என்கிற துணைப்பொருட்கள் நான்கையும் கூட்டி. 300 குளோரோபோம் ஒன்றுக்கு மட்டும். நான்கில் இன்னொன்றான புரோமோடைகுளோரோமீதேனுக்கு அதே நிறுவனம் 60தான் வைத்திருக்கிறது. குளத்தில் மக்கின இலைதழையோடு குளோரின் சேர்ந்தால் இவை உண்டாகும், யார் இல்லையென்றது?

கல்லடி மச்சான்: பாடம் வேண்டாம் ஐயா. 300ஐ விட 80 சின்னது. என் வீட்டுக் குழாயில் டிடிஎஸ் மீற்றர் 190 காட்டுது. 80ஐத் தாண்டிவிட்டதே!

வாவிக்கரையான்: அது கரைந்த உப்பு, அதுவும் மில்லிகிராமில்! ட்ரைஹலோமீதேன் பார்க்க, போத்தலில் ஒரு குமிழிகூட இல்லாமல் வாய்வரை நிரப்பி மூடி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். காற்று இருந்தால் போத்தலுக்குள்ளேயே ஆவியாகிவிடும். மீற்றரைக் கோப்பைக்குள் விட்டுவிட்டு ஊரைக் கூட்டாதீர்கள்.

கல்முனைக்காரி: தம்பிமாரே, மூடாமல் கொதிக்க வைத்தால் குளோரோபோம் பெரும்பாலும் போய்விடும். இதற்கு ஏன் சண்டை?

கல்லடி மச்சான்: குளிக்கிற தண்ணீரையும் கொதிக்க வைப்பதா அக்கா? அந்த ஆவி மூக்கால் போகாதா? இவை கூடின தண்ணீரை வருசக்கணக்காகக் குடித்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக வருகிறதென்று ஆய்வுகளே சொல்லுது. அதனால்தான் 80.

கல்முனைக்காரி: நான் குடிக்கிற தண்ணீரைத்தான் சொன்னேன். வாய்க்குள் வராத கதையை என் வாயில் வைக்காதீர்கள்.

வாவிக்கரையான்: போன வருசம் கிணற்றுத் தண்ணீர்தான் அமிர்தம் என்று எழுதினவரும் இவர்தான். வெள்ளம் வந்தால் இங்கே கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகிவிடும். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போட்ட பிறகுதானே எல்லாரும் அள்ளுகிறோம்? குளோரினைக் குறைத்தால் வயிற்றோட்டம் நாளைக்கே வரும். இந்தத் துணைப்பொருளுக்குப் பயந்து கிருமிநீக்கத்தைக் கைவிடக்கூடாதென்று அந்த 300ஐத் தந்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

கல்லடி மச்சான்: குறைக்கச் சொன்னேனா? சோதித்து அளவை மக்களுக்குக் காட்டச் சொன்னேன்.

வாவிக்கரையான்: எங்கே சொன்னீர்கள்? நேற்றைய பதிவில் அந்தச் சொல்லே இல்லை. 80, 300, புற்றுநோய், அவ்வளவுதான்.

கல்லடி மச்சான்: கிணற்றை ஏன் இழுத்தீர்கள்? எங்கள் கிணற்றுத் தண்ணீரை எங்கள் அப்பப்பா தொண்ணூறு வயது வரை குடித்தவர்.

வாவிக்கரையான்: அப்போ அந்தக் கிணற்றுக்குள்ளும் மீற்றரை விட்டுப் பாருங்கள். எத்தனை காட்டுதென்று இங்கே போடுங்கள்.