அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) லைனை ஒருங்கிணைக்க வேண்டும்: பி.எல்.சி. தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பாய்லர், கட்டிங், டிரையர், பீலிங், கலர் சார்ட்டர் எல்லாம் வெவ்வேறு ஆட்கள் செய்து கொடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பி.எல்.சி., அதாவது மெஷினை ஓட்டும் கண்ட்ரோல் கம்ப்யூட்டர். ஒரு மெஷின் நின்றால் மற்றதற்குத் தெரியாது.

சிக்கல் டிரையரில்தான். பருப்பு 70 டிகிரி சூட்டில் 6 முதல் 8 மணி நேரம் காய வேண்டும், அதுவும் பேட்ச் பேட்சாக. முன்னும் பின்னும் உள்ள மெஷின்கள் தொடர்ந்து ஓடுபவை. கட்டிங் முந்தினால் டிரே இல்லாமல் பருப்பு குவிகிறது. டிரையர் பிந்தினால் பீலிங் நிற்கிறது. மெஷின் விட்ட தோலைக் கையால் எடுக்கும் அக்காமாருக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. லைன் நிற்கும் நேரமெல்லாம் அவர்கள் கூலியில்தான் குறைகிறது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

டிரையர் காலியாகும் நேரத்தை வைத்தே கட்டிங்கைத் தொடங்கலாம், காலி டிரே இருந்தால் மட்டும் ஓடும்படி இன்டர்லாக் போடலாம் என்று நினைக்கிறேன். இணைப்புக்கு ஆர்.எஸ். 485 கேபிளில் மாட்பஸ் (பி.எல்.சி.கள் ஒன்றோடொன்று பேசும் முறை). ஆனால் கட்டிங் மெஷினின் பழைய பி.எல்.சி.யில் அந்தக் கேபிளை மாட்டப் போர்ட்டே இல்லை. அதற்கு ரிலே சிக்னல் (வெறும் ஆன்-ஆஃப் சிக்னல்) போதுமா?

கரண்ட் போய் வந்தால் டிரையர் டைமர் முதலிலிருந்து எண்ணுகிறது. விட்ட இடத்திலிருந்து எண்ணும் ரிட்டென்டிவ் டைமர் போட்டாலும் இடையில் சூடு இறங்கிவிடுமே, அந்த நேரத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது? ஈரப்பதத்தை அளந்து பேட்சை முடிப்பதுதான் சரியா?

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். லேடர் படம் (பி.எல்.சி. புரோகிராம் வரைபடம்) கிடைத்தால் பேருதவி.