பனாமா சிட்டி: ஞாயிறு மதியம் முதல் புதன் காலை வரை, எப்படிப் பிரிப்பது?

கேள்வி: பயணப்பை

நவம்பர் இரண்டாவது வாரம், ஞாயிறு மதியம் 1 மணிக்கு டொக்கூமென் விமான நிலையத்தில் இறங்குகிறோம். புதன் அதிகாலை கிளம்ப வேண்டும். நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. தங்குவது காஸ்கோ வியெஹோ என்னும் பழைய நகரப் பகுதியில். திங்கள் காலை பழைய நகரத்து மியூசியங்கள், மதியம் 12 மணிக்குக் கால்வாய், செவ்வாய் பனாமா வியெஹோ இடிபாடுகள் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா? பணம், விசா விஷயத்திலும் கவனிக்க வேண்டியதைச் சொல்லுங்கள்.

பதில் 1: மூன்றாம்மதகு

திங்கள் திட்டம் இரண்டு இடத்தில் இடிக்கிறது. காஸ்கோவிலுள்ள கால்வாய் மியூசியம், அமதோரிலுள்ள பயோமியூசியோ என்னும் உயிரின மியூசியம், பனாமா வியெஹோ மூன்றுக்கும் திங்கள்தான் விடுமுறை. கால்வாயில் கப்பல் போவதைப் பார்க்கும் மிராஃப்ளோரஸ் பார்வையாளர் மையம் திங்களும் திறந்திருக்கும். ஆனால் நீங்கள் குறித்திருக்கும் 12 மணி அங்கே போகக் கூடாத நேரம்.

காரணம் இதுதான். மிராஃப்ளோரஸ் பசிபிக் பக்கத்து லாக், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் கதவடைத்த அறை. பசிபிக்கிலிருந்து அட்லாண்டிக் போகும் கப்பல்கள் விடிகாலையிலேயே இதில் ஏறிவிடும். எதிர்ப்பக்கம் காலையில் புறப்பட்டவை 80 கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து இறங்கப் பிற்பகல் ஆகிவிடும். இடையில் சுமார் 11 மணி முதல் 2 மணி வரை காலி அறையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க நேரும். காலை 8 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெளிநாட்டவருக்கு டிக்கெட் 17 டாலர் போல. மாடிக்கு லிஃப்ட் உண்டு, அம்மாவுக்குச் சிரமமில்லை. கப்பல் வந்தபின் போனால் கம்பி ஓரத்தில் இடம் கிடைக்காது, முன்பே பிடித்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்ப்பது என்று தெரிந்து நின்றால் ஒரு மணி நேரம் போதாது. அறையின் அகலம் 33.5 மீட்டர், இதற்கென்றே கட்டப்பட்ட பெரிய கப்பலின் அகலம் 32.3 மீட்டர். பக்கத்துக்கு இரண்டடிதான் இடைவெளி. கரையில் தண்டவாளத்தில் ஓடும் மின் எஞ்சின்களை அங்கே ‘மூலா’, அதாவது கோவேறு கழுதை, என்பார்கள். அவை கப்பலை இழுப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். கப்பல் பெரும்பாலும் தன் எஞ்சினிலேதான் நகர்கிறது. சுவரில் உரசாமல் நடுவில் பிடித்து நிறுத்துவதுதான் மூலாவின் வேலை, கம்பி வடம் இறுகித் தளர்வதைக் கவனித்தால் புரியும். அறையை நிரப்பப் பம்பு கிடையாது. மேலேயுள்ள ஏரித் தண்ணீர் தரைக்கடியில் உள்ள பெருங்குழாய்கள் வழியாகத் தானே இறங்கி வருகிறது. இங்குள்ள இரண்டு படிகளில் கப்பல் சுமார் 16.5 மீட்டர் ஏறுகிறது. 1914 முதல் இதே முறைதான். 2016-ல் திறந்த கொக்கொலி லாக்கில் போகும் ராட்சதக் கப்பல்களும் தூரத்தில் தெரியும்.

பதில் 2: கடலோரம்

மேலே சொன்னபடி திங்கள் காலை கால்வாய். நவம்பர் மழைக்காலம், பிற்பகலில் கொட்டும், மாலையில் பெரும்பாலும் விட்டுவிடும். மதியம் அறையில் ஓய்வெடுத்துவிட்டு 5 மணிக்கு அமதோர் கரைப்பாதைக்குப் போங்கள். குலேப்ரா மலையைக் குடைந்தெடுத்த பாறையைக் கொட்டிப் போட்ட சமதளப் பாதை, மேடே கிடையாது. செவ்வாய் வெயில் ஏறுமுன் பனாமா வியெஹோ, பிறகு காஸ்கோ மியூசியம். பனாமா வியெஹோ 1519-ல் உருவாகி 1671-ல் ஹென்றி மோர்கன் தாக்குதலில் அழிந்த நகரம். அதன் கோபுரத்தில் ஏற நிறையப் படிகள், அம்மா கீழே நிழலில் இருக்கட்டும். ஞாயிறு மாலைக்கு விடுதியைச் சுற்றியுள்ள தெருக்களே போதும். அங்குள்ள சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தின் தட்டை வளைவு 2003-ல் இடிந்து விழுந்தது, இப்போது நிற்பது மறுபடி கட்டியது.

அன்கோன் குன்று 199 மீட்டர் ஏற்றம், விட்டுவிடுங்கள். காஸ்கோவை ஒட்டிய எல் சொர்ரியோ பக்கம் வழிமாறிக்கூட நடக்க வேண்டாம், இருட்டினால் ஊபர்தான்.

இன்னொன்று: நவம்பர் அங்கே தேச விழா மாதம். 3, 4, 5, 10, 28 தேதிகள் விடுமுறை, ஊர்வலத்தால் சாலைகளை அடைப்பார்கள். உங்கள் நாட்களில் 10 விழுந்தால் மியூசியம் திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள்.

பதில் 3: சில்லறைக்காசு

நோட்டு அமெரிக்க டாலர்தான். பனாமாவின் சொந்தப் பணமான பல்போவா அதற்கு ஒன்றுக்கு ஒன்று, நாணயமாக மட்டும் கையில் வரும். மிச்சமானால் அங்கேயே செலவழித்துவிடுங்கள், வெளியே செல்லாது. 50, 100 டாலர் நோட்டைப் பல கடைகளில் வாங்க மாட்டார்கள். 5, 10, 20 ஆக எடுத்துப் போங்கள். டாக்ஸிக்கு மீட்டர் இல்லை, ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால்: பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க விசாவைக் காட்டி உள்ளே போகலாம், ஆனால் அந்த விசாவில் ஒருமுறையாவது ஏற்கனவே அமெரிக்கா போயிருக்க வேண்டும். புதிதாக வாங்கிப் பயன்படுத்தாத விசா என்றால் விமானம் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். விதி மாறக்கூடியது, தூதரகத்தில் உறுதி செய்யுங்கள். அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகள் பட்டியலில் பனாமா உண்டு. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து ஊர் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். வயதானவர்களுக்கு இந்த ஊசி போடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், அதனால் அம்மாவுக்கு இப்போதே பாருங்கள்.

பயணப்பை

மிக்க நன்றி. அமெரிக்க விசா இருவருக்கும் பயன்படுத்தியதுதான். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ இருக்கிறதாமே? அம்மா சைவம், அதற்கு என்ன வழி?

பதில் 4: கடலோரம்

மெட்ரோ 2023 முதல் உண்டு, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் கொர்ரெதோர் சூர், சான் மிகெலிதோ என்று இரண்டு இடத்தில் மாற வேண்டும், சிங்கோ தெ மாயோவில் இறங்கியபிறகும் காஸ்கோவுக்குத் தூரம் இருக்கிறது. பெட்டியும் முழங்கால் வலியுமாக அது வேண்டாம். டாக்ஸிக்கு 30 டாலர் போல ஆகும், கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ‘வெஹெதாரியானோ’ என்று மட்டும் சொன்னால் மீனோ கோழியோ வந்துவிடலாம். “சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ” (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். பருப்பை வேகவைக்கும்போதே பன்றிக்கறி சேர்ப்பதுண்டு, அதையும் கேளுங்கள். பத்தாக்கோன் எங்கும் கிடைக்கும்: வாழைக்காயைத் துண்டு போட்டுப் பொரித்து, தட்டையாக நசுக்கி, மறுபடி பொரிப்பது. இறைச்சி பொரித்த அதே எண்ணெயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.