பாயிண்ட்னா எந்த பாயிண்ட்? மாட்டின அனுபவம் இருந்தா எழுதுங்க

வயரிங்_மன்னார்குடி:
"பாயிண்ட் போடணும், காலையில வந்துடுங்க." போன்ல இவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் வயர் காயிலோட போய் நிக்கிறார். வீட்டம்மா கொல்லைக்குக் கூட்டிட்டுப் போய், வாழைக்கு நடுவுல குச்சி நட்டிருந்த இடத்தைக் காட்டுறாங்க. அவங்க கேட்டது ஃபில்டர் பாயிண்ட், அதாவது அடியில சல்லடைக் குழாய் வச்ச போர்!

மோட்டார் வருதுன்னா அதுக்கும் ஒரு பாயிண்ட் வேணும்ல. லைட்டுக்கு இழுத்த 1.5 சதுர மி.மீ. வயர்லேர்ந்து இணைப்பு எடுத்துடாதீங்க. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்ப் எடுக்கும், கிளம்பும்போது அதுக்குப் பல மடங்கு. 2.5 வயர், 16 ஆம்ப் பவர் பாயிண்ட், தனி எம்சிபி (லோடு மிஞ்சினா தானா விழற சுவிட்ச்) போடுங்க. இன்னொண்ணு, மாடிப்படி லைட். லைட் ஒண்ணு, சுவிட்ச் கீழ ஒண்ணு மேல ஒண்ணு. வீட்டுக்காரர் கணக்குல ஒரு பாயிண்ட், வேலை செஞ்சவர் கணக்குல ரெண்டு. பெட்டியும் குழாயும் வயரும் ரெண்டுக்குப் போகுது, ரெண்டுதான் நியாயம். ரேட் பேசும்போதே சொல்லிடணும்.

கைபோர்_நீடாமங்கலம்:
குச்சி நட்டிருக்குன்னா தேங்காய் வச்சு 'பாயிண்ட்' பார்த்திருக்காங்க. அந்தக் காசு தண்டம். பாறை பூமியில வெடிப்பைத் தேடணும், அங்க இடம் முக்கியம். இங்க வண்டல், எங்க குத்தினாலும் தண்ணி. பார்க்க வேண்டிய பாயிண்ட் ஆழத்துல இருக்கு. போர் இறங்க இறங்க 5 அடிக்கு ஒரு கை மண் எடுத்து சாக்குல வரிசையா வைங்க. களி, நைஸ் மணல், குருணை மணல்னு கண்ணுக்கே தெரியும். ஃபில்டர் குழாய் குருணை மணல்லதான் நிக்கணும். நைஸ்ல நின்னா ஒண்ணு சல்லடைக் கண் அடைக்கும், இல்ல மணலைக் கக்கி பம்ப் இம்பெல்லரைத் தின்னுடும். குழாயோட அடியை மூடாம இறக்கினா கீழேயிருந்து மணல் ஏறும். குழாயைச் சுத்தி பொடிக் கூழாங்கல் கொட்டணும். கலங்கல் போய்த் தெளியற வரைக்கும் ஓட்டணும், பாதியில நிறுத்தாதீங்க. தண்ணி மட்டம் 25 அடிக்குக் கீழ போனா மேல வச்ச பம்ப் இழுக்காது. பள்ளம் வெட்டி இறக்கணும், இல்ல நீர்மூழ்கி போடணும். வேதாரண்யம் பக்கம்னா நல்ல தண்ணி மேலாக நிக்கும். ஆசைப்பட்டு ஆழம் போனா உப்பு. அரசாங்கத் தாள்ல இதுக்கு வடிமுனைக் குழாய்க் கிணறுன்னு பேரு. முனைன்னு சரியாத்தான் வச்சிருக்காங்க.

வயரிங்_மன்னார்குடி:
அண்ணே, கேட்டது பாயிண்ட் குழப்பம். நீங்க கிணறே வெட்டிட்டீங்க.

ஸ்பேனர்_குடந்தை:
பழைய புல்லட். "பாயிண்ட் போயிடுச்சு"ன்னு மூணு தடவை மாத்தியாச்சு, மூணும் கருகிடுச்சு. கருகினது கான்டாக்ட் பாயிண்ட் (இன்ஜின்ல பொறி வரவைக்க திறந்து மூடுற முனை), கெட்டது அந்த முனையைக் கருகாம காக்குற கண்டென்சர். பாயிண்ட் இடைவெளி 0.35லேர்ந்து 0.40 மி.மீ., ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) வச்சுப் பாருங்க. விசிட்டிங் கார்டு சொருகுறது வேலைக்கு ஆகாது.

களத்துமேடு:
நெல் கொள்முதல் நிலையத்துல ஈரம் பார்த்தவர் "ரெண்டு பாயிண்ட் கூட இருக்கு, காய வச்சு எடுத்துட்டு வாங்க"ன்னார். வரம்பு 17 சதவீதம். மீட்டர்ல இருந்தது 17.2. கொண்டு வந்தவர் அதை 19னு எடுத்துக்கிட்டு, ரெண்டு நாள் சுள்ளுனு வெயில்ல போட்டு 14க்கு இறக்கிட்டார். குவிண்டாலுக்கு 3.7 கிலோ எடை போச்சு, 40 கிலோ சிப்பத்துக்கு ஒண்ணரைக் கிலோ. அரை நாள் காயல் போதும், மிச்சமெல்லாம் நஷ்டம். அளவுக்கு மிஞ்சிக் காய்ஞ்ச நெல் அரைக்கும்போது நொய் வேற. சூடு ஆறாத நெல்லை மீட்டர்ல போடாதீங்க, தப்பாக் காட்டும். குவியல் மேல அள்ளாம நடுவுலேர்ந்து எடுங்க.

டிக்கெட்_டிக்கெட்:
நடுவுல எங்கயும் நிக்காத தஞ்சாவூர் பஸ், பாயிண்ட் டு பாயிண்ட் போர்டைப் பார்த்தும் கும்பகோணத்துல ஏறி, வழியில இருக்கிற அய்யம்பேட்டைக்கு ஒண்ணுன்னு டிக்கெட் கேட்டவரை விட்டுட்டீங்களே. தஞ்சாவூர்லதான் இறங்கினார்.