சொட்டு நின்ற ராத்திரியும் சுவரோரச் செண்டுமல்லியும்

சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பகலில் தெரியாது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டொக், டொக் என்று சிங்கில் விழும். அடியில் ஒரு துணியைப் போட்டுச் சத்தத்தை அடக்கிவிட்டுத் தூங்கப் போவேன். பிளம்பரிடம் இரண்டு தடவை சொல்லியும் வரவில்லை. சின்ன வேலை, அவருக்கும் கட்டுப்படியாகாதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சரி, நாமே கழற்றிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் கேட் வால்வை அடைத்தேன். குழாயைத் திறந்து உள்ளே மிச்சமிருந்த தண்ணீரை வடிய விட்டேன். சிங்கின் ஓட்டையில் துணியைச் செருகினேன். திருகு உள்ளே விழுந்துவிட்டால் அப்புறம் அதைத் தேடுவதே பெரிய வேலையாகிவிடும். கைப்பிடியைக் கழற்றியதும் கீழே பித்தளை நட் தெரிந்தது. ஸ்பேனர் போட்டுத் திருகினால் அசையவே இல்லை. மேலே துணி சுற்றி, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் சுலபமாகச் சுற்ற ஆரம்பித்தது.

தண்டு வெளியே வந்தது. அதன் அடியில் கறுப்பு ரப்பர் வாஷர், என் கட்டைவிரல் நகம் அளவுதான். தட்டையாக இருக்க வேண்டியதில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஓரத்தில் ஒரே இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். மூன்று மாதமாகத் தண்ணீர் அந்தக் கீறல் வழியாகத்தான் வந்திருக்கிறது. சொட்டச் சொட்ட நான் பலம் கொடுத்து இறுக்கிக்கொண்டே இருந்தேன் அல்லவா, அதில்தான் பள்ளம் இன்னும் ஆழமாகியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக தினம் முப்பது தடவை திறந்து மூடும் சாமான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

புது வாஷரைப் போடுவதற்கு முன் அது உட்காரும் இடத்தைச் சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். எனக்கு அங்கே மணல் மாதிரி உப்பு படிந்திருந்தது. அதைச் சுரண்டித் துடைக்காமல் போட்டிருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கீறியிருக்கும். எல்லாவற்றையும் பூட்டி வால்வைத் திறந்துவிட்டு, குழாய் முனையில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். விரல் நனையவில்லை. கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் தினம் நாலு லிட்டருக்கு மேல் வீணாகப் போயிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதில் வந்த தைரியத்தில்தான் பின்பக்கச் சுவரில் கை வைத்தேன். வெளிப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் வைத்துப் பூசியும் அதே இடத்தில் மறுபடி உதிர்ந்தது. இந்தத் தடவை நான் பூச அவசரப்படவில்லை. ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தேன். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் தரைக்கு ஒரு அடி மேலேயே முடிந்து, சுவரின் காலிலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யாருமே தேடவில்லை, நான் உட்பட. ஒரு எல்போவும் கொஞ்சம் குழாயும் சேர்த்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டோம். வெயில் காலம் வரைக்கும் சுவரைக் காய விட்டு, உப்பிய பூச்சையெல்லாம் கொத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் கலவை போட்டுப் பூசினேன். கரணை பிடிக்கப் பழகவே ஒரு முழு நாள் போனது.

பூசிய பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். சிமென்ட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகும். ஈரம் சீக்கிரம் போய்விட்டால் பலம் வராமல் பொடிந்துவிடும். அதனால் வாளியும் குவளையுமாகச் சுவருக்கு முன்னால் நிற்பது ஒரு வாரம் என் வேலையாக இருந்தது. எட்டாம் நாள் காலையில் வாளியை நிரப்பிக்கொண்டு போன பிறகுதான் ஞாபகம் வந்தது, இனி தேவையில்லை என்று. சுவரடியில் கொத்திப் போட்ட காரைக்கட்டிகள் கிடந்தன. அள்ளிக் குவித்துவிட்டுப் பார்த்தால் கீழே எட்டடி நீளத்துக்கு நல்ல மண். தோட்டம் போடலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அதற்கு முன் நான் ஒரு செடிகூட வைத்ததில்லை.

சுவரை ஒட்டி நடவில்லை. ஊற்றும் தண்ணீர் மறுபடி சுவரில் ஏறக்கூடாதே என்று ஒரு அடி தள்ளிப் பாத்தி எடுத்தேன். காரைத் துண்டு ஒன்றுகூட மண்ணில் தங்காமல் பொறுக்கி, மக்கிய எருவைக் கலந்து கொத்தினேன். காய்ந்த செண்டுமல்லிப் பூ ஒன்று கிடைத்தது. அதைப் பிய்த்தால் உள்ளே ஊசி ஊசியாக, ஒரு பாதி கறுப்பும் மறு பாதி வெளுப்புமாக விதை. ஒரே பூவில் அவ்வளவு! மேலாகத் தூவி, மூடியும் மூடாமலும் மண் போட்டேன். ஆறாம் நாள் காலையில் இரண்டிரண்டு இலையோடு வரிசையாக நின்றன.

முக்கால் சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொன்னார்கள். மனசே வரவில்லை. பாதிச் செடிகளைக் கிள்ளினேன், பாதியை விட்டேன். விட்டவை முதலில் பூத்தன, நெட்டையாக வளர்ந்து உச்சியில் ஒரு பூ. கிள்ளியவை கொஞ்ச நாள் தாமதித்து, கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் கிளை விட்டு, ஒரே செடியில் பதினேழு மொட்டு. ஒவ்வொன்றாக எண்ணினேன். வாடிய பூவை உடனே கிள்ளிவிட்டால் செடி விதை கட்டப் போகாமல் மறுபடி பூக்கிறது என்பதும் இப்போது தெரியும்.

தெருவில் போகிறவர்கள் பூவைப் பார்த்து நின்று பேசுகிறார்கள். குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மா தினம் அதைத் திறந்து மூடுகிறார், அது சொட்டியதே அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு இரண்டுமே ஒரே அளவு பிடித்திருக்கிறது. காலையில் எழுந்ததும் குழாய் முனையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாத்திக்குப் போகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்களேன்.

*

வணக்கம் சகோதரி. குழாய் முனையில் விரல் வைத்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு எங்கள் வாசல் கதவு ஞாபகம் வந்தது.

பணி ஓய்வு பெற்ற முதல் மாதம். கதவு பல வருஷமாகத் தரையில் உரசும். திறக்கும்போது தூக்கித் தள்ள வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. அடியை இழைத்துவிடலாம் என்று இழைப்புளி இரவல் வாங்கப் போனேன். பக்கத்துத் தெருவில் தச்சு வேலை செய்து வந்த பெரியவர் ஒருவர், "கதவை அறுக்காதீங்க, முதல்ல மேல் கீலைப் பாருங்க" என்றார். பார்த்தேன். மேல் கீலில் மூன்று திருகில் இரண்டு சும்மா சுற்றின. துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது. பாரம் தாங்காமல் கதவு முன்னால் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

அவர் சொன்னபடியே மூங்கிலை மெல்லிய குச்சிகளாகச் சீவி, மரப்பசையில் தோய்த்து, துளைக்குள் கொள்ளுமட்டும் தட்டி இறக்கினேன். ஒரு ராத்திரி காயவிட்டு, நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டிச் சமமாக்கி, நடுவில் சின்னத் துளை போட்டு அதே பழைய திருகை ஏற்றினேன். கடைசிச் சுற்றில் திருகு கடித்துப் பிடித்தது திருப்புளி வழியாகக் கைக்குத் தெரிந்தது. அந்தப் பிடிப்பை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை, செய்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது என் பேத்தி ஒரு விரலால் தள்ளித் திறக்கிறாள். தரையில் கதவு உரசிய அரைவட்டத் தடம் மட்டும் இன்னும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கதவு இறுகினால் உடனே இழைக்காதீர்கள். மரம் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் உப்பும், வெயிலில் தானே சுருங்கும். அவசரப்பட்டு இழைத்தால் கோடையில் இடுக்கு விழுந்துவிடும். கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் வர்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள், ஈரம் அங்கேதான் ஏறும்.

மின்சார வேலைக்கு மட்டும் நான் ஆள் கூப்பிடுகிறேன். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

*

எனக்கு மண்தரை கிடையாது, பால்கனி மட்டும்தான். விரிசல் விட்ட வாளி, பழைய பெயின்ட் டப்பா எல்லாவற்றிலும் அடியில் ஓட்டை போட்டுச் செடி வைத்திருக்கிறேன். ஓட்டை போட மறந்த ஒரே டப்பாவில் இருந்த ரோஜா வேர் அழுகிச் செத்துப் போனது. அதிலிருந்து புதுத் தொட்டி எது வந்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன்.

நான் சொல்ல வந்தது நந்தியாவட்டையைப் பற்றி. ஒரு நாள் காலையில் ஒரு கிளை முழுக்க மொட்டையாக இருந்தது. தேடினால் என் நடுவிரல் பருமனுக்குப் பச்சைப் புழு. கிட்டே போனதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. உடனே கழுத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள் தெரிந்தன, வெள்ளையும் நீலமுமாக. அவை கண்ணே இல்லையாம், பறவையைப் பயமுறுத்தும் புள்ளிகளாம். பின்னால் சின்னதாக ஒரு கொம்பு. தூக்கி எறியப் போனேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இலை மறுபடி வரும், இது வருமா?" என்றாள்.

விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் இரண்டு கிளைகளைத் தின்று தீர்த்தது. அப்புறம் பச்சை மாறி, பழுப்பேறி, தண்டு வழியாக இறங்கிச் சருகுக்குள் போய்விட்டது. நாங்கள் அந்தத் தொட்டியை நகர்த்தவே இல்லை, சருகை அள்ளவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும், ஒரு விடிகாலையில் தொட்டி விளிம்பில் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. பாசிப்பச்சையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள், இறக்கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. மகளை எழுப்பிக் கூட்டி வந்தேன். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். மொட்டையான கிளைகளில் இப்போது இலை வந்துவிட்டது, பூவும் இருக்கிறது.

அதற்காக எல்லாப் பூச்சிக்கும் இடம் கொடுப்பதில்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் கணுக்கணுவாகத் துடைத்துவிடுகிறேன். மீந்தால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, துளி சோப்புக் கரைசலோடு. வெயில் சாய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும்.

*

நான் வாடகை வீட்டில் இருப்பவன். போகப் போகிற வீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். முந்தைய வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் மாற்றினேன். ஜன்னல் கம்பிக்குத் துரு தேய்த்து பிரைமர் அடித்தேன். காம்பவுண்டு ஓரம் அந்திமந்தாரை விதை போட்டேன், மிளகு மாதிரி கறுப்பாக இருக்குமே அது. சாயங்காலம் வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சரியாக விரியும். களைத்து வரும் நாளில் அது பெரிய ஆறுதல்.

காலி செய்து ரொம்ப நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். சுவர் ஓரம் முழுக்கப் பரவி, ரோட்டுப் பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தானே விதை விழுந்து தானே முளைத்திருக்கிறது. புதிதாகக் குடியிருப்பவர்கள் யாரோ பக்கத்தில் கொம்பு நட்டு, சாய்ந்த கிளைகளைக் கட்டி விட்டிருந்தார்கள். தாழ்ப்பாள் இன்னும் ஒழுங்காக விழுகிறதா என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

*

எல்லாருக்கும் நன்றி. கதவைப் பற்றி எழுதிய ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய் எங்கள் வீட்டுக் கதவுகளைப் பார்த்தேன். ஐந்தில் மூன்றின் மேல் விளிம்பில் வர்ணமே இல்லை, விரலில் வெறும் மரம் தட்டியது. மழைக்கு முன்னால் அடித்துவிடுகிறேன். நந்தியாவட்டைக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறேன், புழு வந்தால் வரட்டும். அந்திமந்தாரை விதையும் தேடுகிறேன்.

நேற்றிலிருந்து குளியலறைக் குழாய் சொட்டுகிறது. இந்தத் தடவை இறுக்கவில்லை. அடியில் ஒரு குவளையை வைத்திருக்கிறேன், பாத்திக்கு ஆகும். ஸ்பேனரும் இரண்டு வாஷரும் ஜன்னல் திண்டில் தயாராக இருக்கின்றன.